வராகனுக்கு முன் கூலியை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதை வீரராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் ரோல் பிளேயிங் விளையாட்டுகளுக்குச் சொந்தமாகக் கற்பனை நாடு அமைப்பவர்கள் வரைபடம், அரச வம்சம், மந்திரம் எல்லாவற்றையும் மெனக்கெட்டு எழுதுகிறார்கள். பணம் என்று வந்ததும், இவ்வகையில் பெயர்பெற்ற ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்: 10 செம்பு ஒரு வெள்ளி, 10 வெள்ளி ஒரு பொன். கூட்டிக் கழிக்க எளிதுதான். ஆனால் அதன் 2014 விதிநூலில் சாதாரணக் கூலியாளுக்கு நாளுக்கு 2 வெள்ளி. முழுத் தகட்டுக் கவசம் 1,500 பொன். அது 7,500 நாள் கூலி, இருபது ஆண்டு உழைப்பு. வீரர்கள் அதைச் சில மாத ஆட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அதன்பின் எந்த விலையும் அவர்களுக்கு உறைப்பதில்லை.

நம் கையிலேயே நல்ல மாதிரி இருக்கிறது. கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொற்காசு. இதை எடுத்துக்கொண்டு, முதலில் ஒரு நாள் கூலி ஒரு பணம் என்று எழுதுங்கள். குடும்பத்தின் அன்றாடச் சாப்பாட்டுக்கு 40 காசு. மற்ற விலைகளை இந்த இரண்டிலிருந்து பிடியுங்கள்: ஒரு வாள் செய்யக் கொல்லருக்கு எத்தனை நாள், இரும்புக்கும் கரிக்கும் எவ்வளவு என்று. இப்போது ஒரு வராகன் ஒன்றரை மாதக் கூலி. குகையில் புதையலாக 1,000 வராகன் வைத்தால் அது 42,000 நாள் கூலி, 115 ஆண்டு. இதைப் போட்டுப் பார்த்தவர் புதையலில் இரண்டு சுழியைத் தாமே அடித்துவிடுவார்.

எடையையும் பாருங்கள். வராகன் சுமார் 3.4 கிராம், ஆயிரம் என்றாலும் மூன்றரைக் கிலோகூட இல்லை, இடுப்பில் முடிந்துகொள்ளலாம். அதே தொகை செப்புக் காசாக இருந்தால் 33,60,000 காசு. காசு 2 கிராம் என்றால் 6,720 கிலோ. வண்டிக்கு 800 கிலோ ஏற்றினாலும் ஒன்பது மாட்டுவண்டி வேண்டும். வழிப்பறி, சுங்கச்சாவடி, ஆற்றைக் கடப்பது என்று அங்கேயே ஒரு கதை கிடைக்கும்.

பெரும்பாலோர் சறுக்குவது செலவழிக்கும் இடத்தில். அறுபது வீட்டுச் சிற்றூரில், வீட்டுக்கு ஒரு கூலி என்றால், வாரத்துக்கு 420 பணம். அதாவது ஊர் முழுவதன் வாரக் கூலியும் பத்தே வராகன். வீரர்கள் ஒரே நாளில் அதைக் கொட்டினால் அரிசி அதே விலையில் எப்படிக் கிடைக்கும்? அந்தப் பத்தைத் தாண்டும்போதெல்லாம் விலையில் கால் பங்கு ஏற்றுங்கள். ஊரார் முகம் சுளிப்பதையும் ஆட்டத்தில் காட்டுங்கள்.

அண்டை நாட்டு நாணயத்துக்கு நிலையான மாற்று விகிதம் வைக்கவே வேண்டாம். 1859-இல் ஜப்பான் துறைமுகங்களைத் திறந்தபோது உள்நாட்டில் பொன்னுக்கு வெள்ளி ஏறக்குறைய ஐந்து மடங்கு, வெளியே பதினைந்து மடங்கு. வெளிநாட்டு வணிகர்கள் வெள்ளியைக் கொடுத்துப் பொன்னை அள்ளிப்போனார்கள். கெட்டிக்கார ஆட்டக்காரரும் அதைத்தான் செய்வார். நாணயம் மாற்றும் சராப்புக் கடையில் வட்டம் (மாற்றுக் கழிவு) பிடியுங்கள்: உள்ளூர் வராகனுக்கு 42-க்குப் பதில் 40 பணம், வெளிநாட்டுப் பொன்னுக்கு முகமதிப்பு கிடையாது, எடைதான். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் பலவற்றில் பேரரசரின் தலைமீதே வெட்டு விழுந்திருக்கிறது. அப்படி ஒரு காசை ஆட்டத்தில் வீரர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

80, 42 என்ற எண்கள் ஆட்டத்தின் நடுவே தலைவலி தரும் என்பது உண்மை. கணக்கேட்டை ‘பணம்’ என்ற நாணயத்தில் மட்டும் வையுங்கள். சில்லறைச் செலவை அன்றைய ஆட்டம் முடியும்போது மொத்தமாகக் கழியுங்கள். வராகனை மாற்றுவது சராப்புக் கடையில் மட்டும்.

தங்கள் மாணவர் பக்கத்தில் பழைய நாணய வாய்ப்பாடுகளை ஒரு பட்டியலாக வெளியிட்டால், இப்படி நாடு அமைக்கும் பிள்ளைகளுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கதைவிளையாட்டு நடத்துநர்கள் சிலர்,
திருச்சி.