ஆரே மலையிடுக்கில் முழங்கால் வலியுள்ளவரும் நடக்கலாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கோடைச் சுற்றுலாச் சிறப்புப் பகுதியில், சுவிற்சர்லாந்தின் மைரிங்கன் ஊருக்கு அருகில், ஆரே ஆறு பாறைகளுக்கிடையே ஓடும் ஆரே மலையிடுக்கு “மலையேறிப் பழகிய இளைஞருக்கே உகந்தது” என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வரியை வாசித்துவிட்டு என் கணவர், “அப்ப நான் வரேல்லை, நீங்கள் போட்டு வாங்கோ” என்று சொல்லிவிட்டார். இருபத்தெட்டு ஆண்டுகள் உணவகச் சமையலறையில் நின்றே வேலை செய்ததால் தேய்ந்துபோன முழங்கால்கள் அவருடையவை. மகள் விடாப்பிடியாக நின்று அவரை அழைத்துச் சென்றிராவிட்டால், தவறான ஒரு வரியை நம்பி நல்லதொரு நாளை அவர் இழந்திருப்பார். அதனாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த இடுக்கின் நீளம் ஏறக்குறைய 1,400 மீற்றர். இருபுறமும் சுண்ணக்கற் பாறைகள் சில இடங்களில் 180 மீற்றர் வரை செங்குத்தாக எழுகின்றன. மிகவும் ஒடுங்கிய இடத்தில் இரு சுவர்களுக்கும் இடையே ஒன்றிரண்டு மீற்றர்தான் இருக்கும். இந்த அளவுகளைக் கேட்டால் எவருக்கும் அச்சம் வரும் என்பது உண்மையே. ஆனால் நடப்பவர் பாறையில் கால் வைத்து ஏறுவதில்லை. 1888இலேயே பாறைச் சுவரை ஒட்டி நடைபாதை அமைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்றும் கைபிடிக் கம்பியோடு கூடிய பலகைப் பாதையிலும், பாறையைக் குடைந்த சிறு சுரங்க வழிகளிலும்தான் நடக்கிறோம். இளைஞர் முக்கால் மணி நேரத்துக்குள் நடந்து முடித்துவிடுவார்கள். நாங்கள் நின்று நின்று ஒன்றே கால் மணி நேரம் எடுத்தோம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும், மகளும், மருமகனும், ஆறு வயதுப் பேத்தியுமாகப் பேர்ன் நகரிலிருந்து தொடருந்தில் இன்ரலாக்கன் சென்று, அங்கிருந்து பிரியன்ஸ் ஏரிக் கரையோரமாக மைரிங்கனை அடைந்தோம். அங்கே சிறிய தொடருந்து ஒன்றுக்கு மாறி, இடுக்கின் கிழக்கு வாசலில் இறங்கினோம். அந்தத் தரிப்பிடம் பாறைக்கு உள்ளேயே இருக்கிறது. கதவு திறந்ததும் வெளிச்சம். அடுத்துக் காலுக்குக் கீழே ஆறு. நடைபாலத்தின் நடுவில் பேத்தி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அம்மப்பா கையை நீட்டியதும் அதைப் பற்றிக்கொண்டு கடந்தாள். முழங்கால் வலிக்காரர் பிள்ளைக்குத் துணையானார்.

ஒடுங்கிய பகுதிக்குள் நுழைந்ததும் ஆடி மாத வெயில் அற்றுப்போய், ஈரக் குளிர் முகத்தில் அடித்தது. மேலே வானம் ஒரு நாடாவைப்போலத் தெரிந்தது. என் கணவர் நின்று பாறையில் உள்ளங்கையை வைத்தார். நீர் சுழன்று சுழன்று அரைத்த அந்தச் சுவர், கூர் எதுவுமின்றிக் குடத்தின் உட்புறத்தைப்போல வளைந்து வழவழப்பாக இருந்தது. அதைத் தடவியபடியே அவர், “கிணத்துக்குள்ள நடக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார். யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல்லை உடைத்துக் கிணறு வெட்டுவதைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்தவர் அவர். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர எங்கள் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி நிலத்தடியில் தங்கிவிடும். அதைத்தான் கிணற்றிலிருந்து அள்ளிக் குடித்தோம், தோட்டத்துக்கும் இறைத்தோம். இங்கேயோ, பள்ளத்தாக்கை மறித்துக் கிடந்த கிர்கெற் என்னும் சுண்ணக்கல் மேட்டைப் பனியாறுகளின் உருகுநீரும் ஆரேயும் அறுத்துத் திறந்துவிட்டிருக்கின்றன. ஒரே இனத்துக் கல்தான். ஊரில் தண்ணீரைத் தன்னுள் மறைத்துவைக்கும் கல், இங்கே தண்ணீருக்கு வழிவிட்டுப் பிளந்து நிற்கிறது. இந்நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும், இங்குள்ள மலையொன்று எங்கள் ஊர்க் கிணற்றை நினைவுபடுத்தும் என்று நான் எண்ணியதே இல்லை. அவர் அங்கே வெகுநேரம் நின்றார், நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

பேத்திக்கு வேறொரு கேள்வி இருந்தது. “அம்மம்மா, எங்கட வீட்டுக்குக் கிட்ட ஓடுற ஆறும் இதுவோ? அது பச்சை, இது ஏன் பால் மாதிரி?” என்று கேட்டாள். அதே ஆறுதான். கிரிம்சல் மலைப்பகுதியிலுள்ள பனியாறுகளில் பிறக்கும் ஆரே, பனிக்கட்டி அரைத்த கல்மாவைச் சுமந்துகொண்டு சாம்பல் கலந்த வெள்ளையாக இந்த இடுக்கின் வழியே வருகிறது. பின்னர் பிரியன்ஸ் ஏரியிலும் தூன் ஏரியிலும் அந்த மா படிந்துவிடுவதால், பேர்ன் நகரை அடையும்போது தெளிந்து பசுமையாகிறது. மருமகன் இதைத் தோசை மாவை வைத்து விளக்கினார்: கலக்கினால் வெள்ளை, அசையாமல் வைத்தால் மேலே தெளிவு. வீட்டுக்கு வந்ததும் அவள் குவளைத் தண்ணீரில் மாவைக் கரைத்து இரவு முழுவதும் யன்னலோரம் வைத்திருந்தாள். ஆண்டுதோறும் கோடையில் நாம் காலை நனைக்கும் ஆறு எங்கிருந்து எப்படி வருகிறது என்பதை ஒரு பிள்ளை கண்ணால் கண்டு அறிவதற்கு இதைவிட எளிதான நடை எனக்குத் தெரியவில்லை.

சிரமமே இல்லை என்று எழுதினால் நானும் தவறிழைத்தவளாவேன். கிழக்குப் பகுதியில் சில படிகளும் ஏற்ற இறக்கங்களும் உண்டு. பாறையிலிருந்து நீர் சொட்டுவதால் பலகைகள் ஈரமாக இருக்கும். வழுக்காத சப்பாத்து வேண்டும், செருப்புக் கூடாது. கோடையிலும் ஒரு மேற்சட்டை அவசியம். சுரங்க வழிகளில் உயரமானவர்கள் தலையைக் கவனிக்க வேண்டும். மேற்குப் பகுதி பெரும்பாலும் சமமாக இருந்தது. அந்த வாசலிலிருந்து தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பத்தை நாங்கள் வழியில் சந்தித்தோம். ஆகவே கால் இயலாதவர்கள் மேற்கு வாசலால் நுழைந்து, இயன்றவரை நடந்துவிட்டு அவ்வழியாகவே திரும்பலாம். தங்கள் கட்டுரையாளர், அதே வட்டாரத்தில் உள்ள, செங்குத்தாகப் படியேற வேண்டிய ரோசன்லாவி இடுக்கையும் இதையும் குழப்பிக்கொண்டாரோ என்று ஐயுறுகிறேன்.

இதைத் திருத்துமாறு நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1983க்குப் பிறகு இந்நாட்டுக்கு வந்த எங்கள் தலைமுறையினரில் பலர் சமையலறைகளிலும், மருத்துவமனைகளிலும், துப்புரவுப் பணியிலும் சனி ஞாயிறு பாராமல் உழைத்தவர்கள். ஊரிலிருந்து வரும் விருந்தினரை யுங்பிராவ்யோக் பனிமலைக்குத் தொடருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டு வேலைக்குப் போனவர்கள். ஓய்வு கிடைக்கும் வயதில் முழங்காலும் மூச்சும் ஒத்துழைப்பதில்லை. அவர்கள் கையில் எடுக்கும் தமிழ் இதழ், ஓர் இடத்தில் எத்தனை படிகள், எத்தனை தூரம், உட்கார எங்கே இடம், எந்த வாசலால் போவது எளிது என்பவற்றைச் சொல்ல வேண்டும். பனிச் சிகரங்களின் வண்ணப் படங்களுக்குக் கொடுக்கும் பக்கங்களில் ஒரு பக்கத்தையாவது, பேரப்பிள்ளையும் பாட்டனும் கைகோத்து ஒரு மணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய இத்தகைய வழிகளுக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஆரே இடுக்கைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். நவம்பர் பிறந்துவிட்டால் வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். திருத்தம் அடுத்த இதழிலேயே வெளிவருமானால், அந்த வரியை வாசித்துத் தயங்கி நிற்பவர்கள் இந்த ஆண்டே போய்வர முடியும். எங்கள் மாடிக்குடியிருப்பிலேயே அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள்; என் கணவர் அவர்களுக்கு வழி காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகி ஒருவர்,
பேர்ன், சுவிற்சர்லாந்து