பாடத்தைத் திருத்த மூன்று நாள் கொடுங்கள்

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளின் மாணவர் சேர்க்கையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எங்கள் பிள்ளைகள் பிரவுசிங் சென்டர் வாசலில் நிற்பது உங்களுக்குத் தெரியும். ஆன்லைன் விண்ணப்பத்தில் எந்தப் பாடம் வேண்டும் என்ற பகுதியைப் பல நேரம் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர்தான் நிரப்புகிறார் என்பதும் தெரியாமல் இருக்காது.

என்னிடம் படித்த மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, தமிழில் 97 வாங்கியவள். தமிழ் இலக்கியம் படித்து டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தப் பாடத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணை வைத்துத்தானே தரவரிசை போடுகிறீர்கள்? அவளுக்கு இடம் நிச்சயம் என்றே நம்பியிருந்தேன். சென்டரில் இருந்தவரோ, "தமிழ் படிச்சு என்ன செய்யப் போற மக்கா?" என்று கேட்டுவிட்டு, பி.சி.ஏ., பி.காம். இரண்டை மட்டும் தட்டி அனுப்பிவிட்டார். மறுநாள் அவள் கொண்டுவந்த பிரிண்ட் அவுட்டை வரிவரியாகப் பார்த்தேன். பெயர் சரி, மதிப்பெண் சரி, சாதிச் சான்று எண்கூடச் சரி. தமிழ் மட்டும் இல்லை.

உதவி எண்ணில் கேட்டால், அனுப்பியதை மாற்ற முடியாது என்றார்கள். சரி, புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றால் ஓ.டி.பி. அப்பாவின் போனுக்குப் போகிறது. அவர் ஜூன் 1-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் முன் கடைசித் தடவையாகத் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தார். அங்கே ஏது சிக்னல்? அவர் கரை சேர்ந்தபோது கடைசித் தேதி முடிந்துவிட்டது. கேட்காத பாடத்துக்கு அவளை யார் கூப்பிடப் போகிறார்கள்?

மூன்று நாள் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதும் இதே கதைதான். மார்க்கைப் பார்த்து மாமாவும் சித்தப்பாவும் முடிவு செய்கிறார்கள்; பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. இங்கேயே ஒரு பெண் பிள்ளை தன் பாடத்தைத் தானே எழுத முடியவில்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னியுங்கள். தரவரிசை வெளியிடும் முன் பாடத்தை மட்டும் திருத்த மூன்று நாள் கொடுங்கள். ஓ.டி.பி.க்கு இரண்டாவதாக அம்மாவின் எண்ணையோ பள்ளியின் எண்ணையோ சேர்க்க இடம் கொடுங்கள். இந்த ஆண்டே செய்தால், அந்தப் பிள்ளைக்கும் உதவும்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர்,
கிள்ளியூர் வட்டம்