ஊற்று நீர்ச் சிகிச்சை என்று பணம் வாங்கிவிட்டு ஊர் சுற்றிக் காட்டியது குறித்த புகார்

அனுப்புநர்:
மூன்று பேர் கொண்ட குடும்பப் பதிவின் வாடிக்கையாளர்,
திருவெறும்பூர், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தங்கள் சுற்றுலா நிறுவனம், சென்னை.

நாள்: 18.11.2024

பொருள்: செக் நாட்டு ஸ்பா நகரங்களுக்கான பத்து நாள் பயணத்தில் சிகிச்சைகள் வழங்கப்படாமை, தவறான வழிகாட்டலால் என் தந்தைக்கு ஏற்பட்ட பாதிப்பு, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த செப்டம்பர் 8 முதல் 17 வரை நீங்கள் நடத்திய பயணத்தில் அப்பா, அம்மா, நான் மூவரும் வந்திருந்தோம். ஆளுக்கு 2,85,000 வீதம் 8,55,000 ரூபாய் கட்டினோம். இதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தலா 58,000 ரூபாய், ‘மருத்துவர் ஆலோசனை மற்றும் ஸ்பா சிகிச்சைகள்’ என்று உங்கள் கொட்டேஷனிலேயே தனி வரியாக இருக்கிறது. அந்த வரியில் எழுதிய எதுவும் நடக்கவில்லை. அது மட்டும் என்றால் பணத்தோடு போயிற்று என்று இருந்திருப்போம். உங்கள் வழிகாட்டி சொன்ன யோசனையைக் கேட்டு, 74 வயது அப்பா ஓர் இரவு முழுக்க வயிற்றுப்போக்கில் தவித்து, விடியற்காலை குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். ஊர் திரும்பிய பிறகு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். ‘உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது’ என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. அதனால்தான் நடந்ததை முழுமையாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நாங்கள் ஏன் செக் நாட்டின் கார்லோவி வாரி என்ற ஊற்று நீர்ச் சிகிச்சை ஊருக்கு வர ஆசைப்பட்டோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அப்பா திருச்சி பெல் கொதிகலன் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஆலை 1965இல், செக் நாடும் சேர்ந்திருந்த அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கியது. அங்கே பயிற்சிக்குப் போய்வந்த மூத்தவர் ஒருவர், அப்பா வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பீங்கான் குவளையைக் கொடுத்திருக்கிறார். தட்டையான குவளை, அதன் கைப்பிடியே உறிஞ்சு குழலாகவும் இருக்கும். கார்லோவி வாரி ஊற்றுகளில் தண்ணீர் பிடித்துக் குடிப்பதற்கென்றே செய்வது. எங்கள் வீட்டு ஷோகேஸில் அரை நூற்றாண்டாக அது இருக்கிறது. சின்ன வயதில் நான் அதைத் தொட்டால்கூட அப்பா அதட்டுவார். ‘ஒரு நாள் அந்தத் தண்ணியை இதில பிடிச்சுக் குடிக்கணும்’ என்பார். உங்கள் விளம்பரத்தில் அந்தக் குவளையின் படத்தைப் பார்த்துத்தான் அப்பா போன் செய்யச் சொன்னார்.

அந்தத் தண்ணீர் சர்க்கரை நோயைத் தீர்த்துவிடும் என்று நாங்கள் நம்பிப் புறப்படவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. அழுத்தத்துக்கான மாத்திரைகளில், சிறுநீரை அதிகம் போகச் செய்யும் நீர் மாத்திரையும் ஒன்று. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். ஒரு மருத்துவர் பார்த்து, பொருத்தமானதைச் சொல்லி, அதன்படி ஒரு வாரம் அவசரமில்லாமல் இருந்துவிட்டு வரலாம் என்பதுதான் எங்கள் எண்ணம். பதிவு செய்யும்போதே இருவரின் மருத்துவ அறிக்கைகளையும் கேட்டு வாங்கினீர்கள். ‘அங்குள்ள ஸ்பா மருத்துவருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவோம்’ என்று உங்கள் ஊழியர் சொன்னார். கார்லோவி வாரியில் ஏழு இரவு, மரியான்ஸ்கே லாஸ்னே என்ற இன்னொரு ஸ்பா நகரில் இரண்டு இரவு, முதல் நாள் மருத்துவப் பரிசோதனை, தினமும் இரண்டு சிகிச்சைகள் என்று பயணத் திட்டத்தில் அச்சிட்டிருந்தீர்கள்.

நடந்தது இது. கார்லோவி வாரியில் நான்கு இரவு மட்டும். மீதி ஐந்தும் தலைநகர் பிராகாவில், ‘குழுவின் வசதிக்காக’. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஊற்றுகளெல்லாம் டெப்லா ஆற்றங்கரையோரம் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் வரிசையாக இருக்கின்றன. நீங்கள் கொடுத்த விடுதியோ அங்கிருந்து வெகுதூரம், மேட்டுத் தெருவில். முழங்கால் வலிக்காகச் சிகிச்சைக்கு வந்த அம்மாவால் அந்த மேட்டில் ஒருமுறைகூட நடந்து ஏறி இறங்க முடியவில்லை. சிகிச்சை வவுச்சர் என்று கொடுத்ததை விடுதியில் காட்டினால், அடித்தளத்தில் இருந்த நீச்சல் குளத்துக்கும் நறுமண எண்ணெய் மசாஜுக்கும் வழி காட்டினார்கள். குளத்தில் இருந்தது சூடுபண்ணிய குழாய்த் தண்ணீர். மருத்துவர் எப்போது வருவார் என்று வரவேற்பறையில் கேட்டேன். அப்படி ஒரு முன்பதிவே இல்லை என்றார்கள்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, இட்லி தோசை இல்லாத குறையை ரொட்டி, முட்டை, பாலாடைக்கட்டியால் ஈடுகட்டிய ஒரு கனத்த காலை உணவுக்குப் பிறகு, பேருந்தில் ஏற்றி ஊற்றுகளைக் காட்ட அழைத்துப் போனார்கள். கண்ணாடிக் கூடத்துக்குள் வ்ரிட்லோ ஊற்று பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்குப் பீறிட்டு எழுவதைப் பார்த்தோம். 73 டிகிரி வெப்பம், நிமிடத்துக்குச் சுமார் 2,000 லிட்டர். அப்பா வாய் பேசாமல் நின்றார். அதன் பிறகு 124 தூண்கள் கொண்ட மில் கொலனேட். பிராகாவின் தேசிய நாடக அரங்கைக் கட்டிய யோசெஃப் சீடெக் 1881இல் முடித்த மண்டபம் அது. ‘நம்ம ஸ்ரீரங்கத்து ஆயிரங்கால் மண்டபம் மாதிரி இருக்குடி’ என்றார் அம்மா. அப்பா பையிலிருந்து குவளையை எடுத்தார். ‘போட்டோ மட்டும் எடுத்துக்கங்க சார், பஸ் பார்க்கிங் நேரம் முடியப் போகுது’ என்றார் வழிகாட்டி. மண்டபத்தில் இருபது நிமிடம்கூட நிற்கவில்லை.

கடைசியாகத் தோட்டத்து மண்டபத்தில் இருக்கும் பாம்பு ஊற்றுக்குக் கூட்டிப்போனார். ஒரு பாம்பின் வாயிலிருந்து தண்ணீர் வரும். மற்ற ஊற்றுகளைப் போலச் சுடாது, முப்பது டிகிரி அளவில்தான் இருக்கும். வாயில் வைத்துக் குடிக்க முடிகிற தண்ணீர் என்பதால் எல்லோரும் அங்கேதான் குடித்தார்கள். வழிகாட்டி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னது: ‘இது நம்ம ஊர் தீர்த்தம் மாதிரி. சுகர், பிபி எல்லாத்துக்கும் நல்லது. எவ்வளவு வேணும்னாலும் குடிங்க, பாட்டில்லயும் பிடிச்சுக்கங்க, ராத்திரி குடிக்கலாம்.’ அப்பா நான்கு குவளை குடித்தார். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து, இரவுக்குள் அதையும் குடித்து முடித்தார். ஐம்பது வருட ஆசை. நானும் தடுக்கவில்லை, உங்கள் நிறுவனத்தின் ஆள் சொல்கிறார் என்று இருந்துவிட்டேன்.

அந்த வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டியதை நான்காம் நாள் வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்பா விழுந்ததற்கு மறுநாள், விடுதிக்காரர் உதவியோடு ஒரு ஸ்பா மருத்துவரை நாங்களே தேடிப் போனோம். கட்டணம் எங்கள் கையிலிருந்து. அவர் அப்பாவின் மாத்திரைகள் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்தார். நீர் மாத்திரையைப் பார்த்ததும் நிறுத்தி, ‘எவ்வளவு குடித்தார்?’ என்று கேட்டார். நான் சொன்ன அளவைக் கேட்டு முகம் மாறிவிட்டது. அந்த ஊரின் ஊற்று நீரில் லிட்டருக்குச் சுமார் ஆறு கிராம் தாது உப்புகள் இருக்கின்றன. அதில் சோடியம் சல்ஃபேட்டும் உண்டு. மலமிளக்கியாகக் கொடுக்கிற அதே உப்பு. கார்ல்ஸ்பாட் உப்பு என்று அந்தக் காலத்தில் மருந்துக் கடைகளில் விற்றதே இந்தத் தண்ணீரைக் காய்ச்சி எடுத்ததுதான். சூடான ஊற்று வயிற்றை அமைதிப்படுத்தும், ஆறிய ஊற்று வயிற்றை இளக்கும், ஆகவே யாருக்கு எந்த ஊற்று, எத்தனை மில்லி, எந்த நேரம் என்பதை மருத்துவர்தான் எழுதித் தருவார். காலையில் வெறும் வயிற்றில், ஊற்றின் பக்கத்திலேயே, மெதுவாக நடந்துகொண்டே உறிஞ்ச வேண்டும். பாட்டிலில் பிடித்து வைத்தால் அதில் கரைந்திருக்கும் வாயு போய்விடும், அது வேறு தண்ணீர். பதினெட்டாம் நூற்றாண்டில் டேவிட் பெக்கர் என்ற மருத்துவர் இந்த முறையை ஒழுங்குபடுத்தியிருக்கிறார். அத்தனை நீளமான மண்டபங்களைக் கட்டியதே மழையிலும் நோயாளிகள் குவளையோடு நடப்பதற்காகத்தானாம். நீங்கள் படம் எடுக்கச் சொன்ன அந்தத் தூண்களுக்கு நடுவே நடப்பதுதான் சிகிச்சையின் பாதி.

மரபான முறையில் இது மூன்று வாரம். நம் வீடுகளில் ஒரு மண்டலம் மருந்து சாப்பிட்டுப் பத்தியம் இருப்பதைப் போல. பத்தியம் சொல்லாமல் எந்த வைத்தியரும் மருந்து கொடுக்க மாட்டார். குற்றாலத்தில் ஆண்டுதோறும் சாரலில் குளித்து வளர்ந்த அப்பாவுக்கு இதை ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் ஒரு சொட்டுகூட அதிகம் குடித்திருக்க மாட்டார். அந்த மருத்துவர் இரண்டு நாள் ஓய்வு, பிறகு வெதுவெதுப்பான ஒரு ஊற்றிலிருந்து காலையில் அரைக் குவளை என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நாங்கள் வெளியே வந்தபோது, மறுநாள் காலை பிராகா கிளம்ப வேண்டும் என்று உங்கள் வாட்ஸ்அப் செய்தி வந்தது. அப்பா மயங்கி விழுந்த விடியற்காலையில் உங்கள் அவசர எண்ணுக்கு ஐந்து முறை அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. ஏழரை மணிக்கு வழிகாட்டியிடமிருந்து வந்த பதில், ‘கிளைமேட் ஒத்துக்கலை, சோடா குடிக்கச் சொல்லுங்க.’

அம்மாவுக்குச் சொன்னதும் இதே கதைதான். மரியான்ஸ்கே லாஸ்னேயில் முழங்காலுக்குச் சூடான கரிமண் கட்டு, இயற்கைக் கரியமில வாயுக் குளியல் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஊரின் ஊற்றுகள் எல்லாம் குளிர்ந்தவை, வாயு நிறைந்தவை. அதற்குத்தான் அது பேர்போனது. பிராகா போகிற வழியில் அங்கே மூன்று மணி நேரம் நிறுத்தினீர்கள். பாட்டுக்கு ஏற்ப ஆடும் நீரூற்றைப் பார்த்தோம். அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த குளியல் இல்லத்திலிருந்து அவர் வயதுப் பெண்கள் வெள்ளைத் துவாலையோடு வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஃப்ரான்டிஷ்கோவி லாஸ்னே என்ற மூன்றாவது ஸ்பா நகரமும் திட்டத்தில் இருந்தது, போகவே இல்லை.

சைவச் சாப்பாடு பற்றிய வாக்குறுதியை நான் பெரிதுபடுத்தவில்லை. உருளைக்கிழங்கை வைத்துச் சமாளித்துக்கொண்டோம்.

இந்த மூன்று ஊர்களையும் 2021இல் யுனெஸ்கோ, ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் உள்ள பதினோரு பெரும் ஸ்பா நகரங்களில் சேர்த்தது என்று உங்கள் விளம்பரத்தின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். ஊற்று, குளியல் இல்லம், நடைபாதை, மருத்துவ முறை எல்லாம் ஒன்றாக இன்றும் உயிரோடு இருப்பதால் கிடைத்த பெருமை அது. ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கென்று வந்தவர்கள் எங்கள் பேருந்தில் பலர் இருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களுக்கு அந்தப் பயணம் போதும். ஆனால் அவர்களுக்கான பயணத்தையே எங்களுக்குச் சிகிச்சை என்ற பெயரில், தலைக்கு 58,000 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு விற்றிருக்கிறீர்கள். மருத்துவ அறிக்கைகளை வாங்கி வைத்துக்கொண்டு யாருக்கும் அனுப்பாமல் இருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவை மருத்துவர் கைக்குப் போயிருந்தால் அப்பா விழுந்திருக்க மாட்டார்.

ஆகவே கேட்கிறேன். நடக்காத சிகிச்சைகளுக்கான 1,16,000 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். கார்லோவி வாரியில் மூன்று இரவும் மரியான்ஸ்கே லாஸ்னேயில் இரண்டு இரவும் குறைந்ததற்கும், ஊற்றுப் பகுதியில் என்று சொல்லி மேட்டில் விடுதி கொடுத்ததற்கும் உரிய கட்டண வித்தியாசத்தைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். நாங்கள் கட்டிய மருத்துவர் கட்டணத்தையும் மருந்துச் செலவையும் ரசீதுப்படி தர வேண்டும். அப்பாவுக்கு நிறுவனத்தின் பொறுப்பாளர் கையெழுத்திட்ட மன்னிப்புக் கடிதம் வேண்டும். அது என் பெயருக்கு வரக்கூடாது, அவர் பெயருக்கு வர வேண்டும். ஊற்று நீரை ‘எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்’ என்று இனி எந்த வழிகாட்டியும் சொல்லாதபடி எழுத்து மூலம் அறிவுறுத்தி, அதன் நகலை எனக்கு அனுப்ப வேண்டும். அடுத்த பயணத்தை மே மாதத்துக்கு அறிவித்திருக்கிறீர்கள். அதிலும் மூத்த குடிமக்களுக்குச் சலுகை என்று போட்டிருக்கிறது. மருத்துவர் முன்பதிவு உறுதியாகும் வரை ‘சிகிச்சை’ என்ற சொல்லை அந்த விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ், சேவைக் குறைபாட்டுக்காகவும் நேர்மையற்ற வணிக நடைமுறைக்காகவும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வேன். நாங்கள் குடியிருக்கும் திருச்சியிலேயே மனு செய்ய அந்தச் சட்டம் இடம் தருகிறது.

அப்பா இப்போது நலமாக இருக்கிறார். குவளை மறுபடியும் ஷோகேஸுக்குப் போய்விட்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை அப்பா அதற்குள் மடித்து வைத்திருக்கிறார். அதனால் அதன் நகலை மட்டும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கொட்டேஷன், அச்சிட்ட பயணத் திட்டம், பணம் கட்டிய ரசீதுகள், மருத்துவர் சீட்டின் நகல், மருந்து ரசீதுகள், வழிகாட்டியின் வாட்ஸ்அப் செய்திகளின் அச்சுப்படி.