மிடி பெடல் ஓடுகிறது: உதவிய எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கீபோர்டில் சவுண்ட் மாற்ற, காலால் அமுக்கும் மிடி பெடல் (மிடி என்பது இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) ஒன்றை வீட்டிலேயே செய்துகொண்டிருந்தேன் அல்லவா, அது ஓட ஆரம்பித்துவிட்டது. எங்கள் இன்னிசைக் குழுவின் கீபோர்டுக்காரர் இப்போது கையை எடுக்காமலே புல்லாங்குழலிலிருந்து வயலினுக்குத் தாவுகிறார். டப்பாவும் வயரிங்கும் எனக்குப் பெரிய விஷயமில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர் சிப்பில் பூட்லோடரை, அதாவது பிறகு வரும் புரோகிராம்களை வாங்கிப் பதித்துக்கொள்ளும் சின்ன புரோகிராமை, ஏற்றுவதுதான் பாடாய்ப் படுத்தியது. நீங்கள் இல்லையென்றால் அது நடந்திருக்காது. இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர் யாருக்காவது உதவட்டும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் கோயம்புத்தூர் அண்ணனுக்கு. சிப்பில் புரோகிராம் எழுதும் யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரை மாட்டி, கம்ப்யூட்டரில் அதை இயக்கும் ஏவிஆர்டியூட் மென்பொருளை ஓட்டினால் ‘டார்கெட் பதில் தரவில்லை’ என்று ஒரே பாட்டு. சிப் போச்சு, கேபிள் மட்டம், டிரைவரை மாற்று என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நீங்கள் மட்டும், “சிப்பு புதுசா, ஏற்கெனவே ஓடினதா?” என்று கேட்டீர்கள். புதுசு என்றதும் சிரித்துவிட்டீர்கள்.

புது சிப், உள்ளேயே இருந்து கிளாக் துடிப்பு தரும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். எந்தக் கிளாக்கில் ஓடவேண்டும் என்பதைச் சிப்புக்குச் சொல்லும் ‘ஃபியூஸ்’ செட்டிங்கை மாற்றும்வரை பக்கத்தில் இருக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. புரோகிராமரின் கிளாக்கோ சிப்பின் வேகத்தில் கால்பங்குக்குக் கீழே, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கவேண்டும். யுஎஸ்பிஏஎஸ்பி வழக்கமாக 375-இல் பேசும். சிப்புக்கு எப்படிப் புரியும்? வேகத்தைக் குறைக்கும் ஆப்ஷனைக் கொடுத்தால், என்னுடையதில் பழைய ஃபர்ம்வேர் என்பதால் முடியாது என்று சொல்லிவிட்டது. “ஜேபி3னு போர்டுல ரெண்டு ஓட்டை இருக்கும், அதை ஷார்ட் பண்ணுங்க” என்றீர்கள். வேகம் சுமார் 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கியது, உடனே 1இ 95 0எஃப் என்று சிப்பின் அடையாள எண்ணான சிக்னேச்சர் வந்து நின்றது. ஆமை வேகம்தான், ஆனால் நான் ஏற்றிய ஆப்டிபூட் என்ற பூட்லோடர் மொத்தமே 512 பைட், அதனால் கவலையில்லை. ஃபியூஸ் மாறி, ரீசெட் அமுக்கியதும் எல்இடி படபடவென்று மூன்று தடவை மின்னியது. அண்ணே, உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

அடுத்து லேப் மேடத்துக்கு. பூட்லோடர் ஏறியும் ஸ்கெட்ச் (பெடலுக்கான ஆர்டுயினோ புரோகிராம்) ஏறவில்லை, ‘சிங்க் இல்லை’ என்றது. கல்லூரி விடுமுறையிலும் லேபைத் திறந்து சிக்னலைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பைக் கொடுத்தீர்கள். கூடவே உட்கார்ந்து பார்த்தீர்கள். சிப்பைக் கழற்றிய ஆர்டுயினோ ஊனோ போர்டைத்தான் கம்ப்யூட்டருக்கும் என் சிப்புக்கும் நடுவே யுஎஸ்பி சீரியல் இணைப்பாக வைத்திருந்தேன். அந்த போர்டின் சீரியல் லைனில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் உண்டு. என் பக்கத்தில், கீபோர்டிலிருந்து வரும் மிடியை வாங்கும் 6என்138 ஆப்டோகப்ளரும் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் பாகம்), சிப் டேட்டா வாங்கும் அதே ஆர்எக்ஸ் பின்னில், லைனை 5 வோல்ட் பக்கம் இழுக்கும் 470 ஓம் புல்-அப் ரெசிஸ்டரோடு. இணையத்தில் கிடைத்த படத்தில் அப்படித்தான் இருந்தது. ஊனோ எவ்வளவு கீழே இழுத்தாலும் லைன் 3.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. 5 வோல்ட்டில் ஓடும் சிப்புக்கு 3 வோல்ட்டைத் தாண்டினாலே அது ‘ஒன்று’தான். ஸ்கோப் திரையில் அந்தச் சப்பைப் பல்ஸ்களை விரலால் காட்டி, “இதுல ஜீரோவே இல்லையேப்பா, சிப் என்ன படிக்கும்?” என்று கேட்டீர்கள். சாஃப்ட்வேரில் தேடிக்கொண்டே இருந்திருந்தால் இது ஜென்மத்துக்கும் கிடைத்திருக்காது. ஆப்டோகப்ளருக்கும் ஆர்எக்ஸ் பின்னுக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்லைடு ஸ்விட்ச். புரோகிராம் ஏற்றும்போது ஒரு பக்கம், வாசிக்கும்போது மறுபக்கம். அவ்வளவுதான்.

அந்த ஸ்விட்சுக்குக் காசு வாங்காத சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்கார அண்ணாச்சிக்கும் நன்றி. சிப் வாங்கும்போதே லென்ஸ் வைத்து எழுத்தைப் படித்துப் பார்த்துத்தான் கொடுத்தார். ‘பி’ இல்லாத வெறும் 328 என்றால் சிக்னேச்சர் 14 என்று முடியும், ஏவிஆர்டியூட் ஏற்காது. கடைசியில் வரும் ‘பியூ’ பேக்கேஜைக் குறிப்பது, அதைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பது அவர் சொல்லித்தான் தெரியும்.

என்னை யாரென்றே தெரியாதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். யுஎஸ்பிஏஎஸ்பியை வடிவமைத்து எல்லோருக்கும் திறந்துவிட்ட தாமஸ் ஃபிஷ்ல், ஆப்டிபூட்டை எழுதிய பீட்டர் நைட், அதைத் தொடர்ந்து பராமரித்த பில் வெஸ்ட்ஃபீல்ட். இவர்கள் நேரத்தைக் கொட்டிச் செய்ததை வைத்துத்தான் நாமெல்லாம் வீட்டு மேசையில் விளையாடுகிறோம்.

அப்புறம், எங்கள் கீபோர்டுக்காரர். ஒவ்வொரு ஒத்திகையிலும் “வந்துச்சா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, கையாலேயே பட்டனை அமுக்கிச் சமாளித்த பொறுமைசாலி. மிடியின் 31,250 பாட் (வினாடிக்கு 31,250 பிட்) வேகத்தில், சவுண்டை மாற்றச் சொல்லும் ‘புரோகிராம் சேஞ்ச்’ கட்டளை ஒன்று போய்ச்சேர 0.64 மில்லிசெகண்ட்தான் ஆகும். அதற்கு மேல் தாமதமானால் கால்தான் காரணம் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சர்க்யூட் படமும் சிப்பில் ஏற்றும் ஹெக்ஸ் ஃபைலும் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். புரோகிராமரும் இப்போது சும்மாதான் இருக்கிறது. ஜேபி3-இல் பின் வைத்து ஜம்பர் போட்டுவிட்டேன். சென்னையில் இருப்பவர்கள் வந்து எடுத்துப் போகலாம், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் சரி.

நன்றியுடன்,
பெடல்காரன்