சிங்கப்பூரிலிருந்து ஒரு ஒழுகல் கதை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தடைக்காலத்தில் லாஞ்சைக் கரையேற்றி, புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே போகிற இடத்தில் தண்ணீரைத் தடுக்கிற கிளாண்டுக்குப் புதுப் பேக்கிங் கயிறு சுற்றினேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் நாகப்பட்டினம் துறைமுகத்து டீசல் வாசனை மூக்கில் அடித்தது. பாப்பா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியதற்கு என் பேரில் ஒரு சுடிதார் எடுத்துக் கொடு. ஊருக்கு வரும்போது கணக்குத் தீர்த்துவிடுகிறேன்.

இங்கே எனக்கும் ஒழுகல் பஞ்சாயத்துதான். இருபத்துநாலு அடி உல்லாசப் படகு, ஸ்டெர்ன் டிரைவ். நீ இதை அதிகம் பார்த்திருக்க மாட்டாய். இன்ஜின் நம் லாஞ்சில் போல உள்ளே இருக்கும். கியரும் புரொப்பல்லரும் அவுட்போர்டு மாதிரி பின்பலகைக்கு வெளியே ஒரு கால் போலத் தொங்கும். சுக்கான் கிடையாது. ஸ்டீயரிங் வீலைத் திருப்பினால் அந்தக் கால் முழுக்கத் திரும்பும். ஜிம் வின் என்ற அமெரிக்கரின் யோசனை. வால்வோ பென்டா 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் கொண்டுவந்து வைத்தது. நல்ல யோசனைதான், ஆனால் அதற்காகப் பின்பலகையில் போட்ட ஓட்டையெல்லாம் யார் தலையில் விடிகிறது? என் தலையில்தான்.

படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கிற பில்ஜ் பம்ப் ஓயாமல் ஓடுகிறது என்று ஓனர் புலம்பினார். ஏற்கெனவே வேறொரு இடத்தில் பெல்லோஸை இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள். தண்ணீர் வந்தால் எல்லோரும் முதலில் அந்த ரப்பர் துருத்தியைத்தான் சந்தேகப்படுவார்கள். நான் படகைக் கரையேற்றி, டார்ச்சோடு இன்ஜினுக்குப் பின்னால் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, வெளியே பையனை ஹோஸ் அடிக்கச் சொன்னேன். கீழே பெல்லோஸ் மேல் அடித்தான், ஒன்றுமில்லை. டிரைவைத் தாங்குகிற வளையத்தின் தலைப்பக்கம் அடித்ததும், உள்ளே ஸ்டீயரிங் லீவருக்கு அடியிலிருந்து ஒரு கோடாகத் தண்ணீர் இறங்கியது. லீவரே துருவேறிப் பொரிந்து கிடந்தது. வளையத்தைத் திருப்புகிற செங்குத்து ஷாஃப்ட் உள்ளே நுழைவது அங்கேதான். அதைச் சுற்றி, தண்ணீர் நுழையாமல் தடுக்க ஆயில் சீல் என்ற ஒரு ரப்பர் வளையம், குழந்தை வளையல் அளவுகூட இருக்காது.

சீலை மட்டும் மாற்றிவிடலாம் என்றார் ஓனர். நான் டிரைவின் அடியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிக் காட்டினேன். வீல் அசையவில்லை, கால் மட்டும் டக் டக்கென்று ஆடியது. ஷாஃப்டை நேராகத் தாங்குகிற புஷ் போய்விட்டது. புஷ் தேய்ந்தால் ஷாஃப்ட் சாயும். சாய்ந்தால் சீலின் உதடு ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் வாய் பிளக்கும். புது சீல் போட்டாலும் அதே கதிதான். நேரத்துக்கு கிரீஸ் அடித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது, ஆனால் அதை இப்போது சொல்லி என்ன?

வெளியிலிருந்தே அலுமினிய ஹவுசிங்கில் ஓட்டை போட்டு, அதன் வழியாக லீவர் போல்ட்டைக் கழற்றிவிட்டு, கடைசியில் மூடி போடுகிற குறுக்கு வழி ஒன்று உண்டு. தப்பில்லை, பலர் செய்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்ஜினை இறக்கினேன். வளையத்தின் போல்ட்டுகள் உப்பில் இறுகி, வெள்ளைப் பொடி பூத்திருந்தன. சூடுகாட்டிக் கழற்றவே ஒரு பகல் போனது. ஷாஃப்டைத் துடைத்து, சீல் உட்கார்ந்த இடத்தில் நகத்தை ஓட்டினேன். மாட்டியது. அந்தப் பள்ளத்தில் எந்தச் சீலும் நிற்காது, அதனால் ஷாஃப்டும் புதுசு.

இனிமேல் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதே. முப்பது வருஷமாக இந்த வேலை செய்கிறவன், அவசரத்தில் ஷாஃப்டை அப்படியே ஏற்றினேன். முனையில் இருந்த மரை சீலின் உதட்டைக் கிழித்துவிட்டது. மயிரிழைக் கீறல், கிரீஸில் தெரியவே இல்லை. விரல் வைத்துத் தடவியபோதுதான் பட்டது. அந்தச் சீல் குப்பைக்குப் போனது. அடுத்ததைக் கவனமாகப் போட்டேன்: ஸ்பிரிங் உள்ள பக்கம் தண்ணீரைப் பார்த்து, சரியான அளவு சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி, மரையின் மேல் டேப் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவி, மெள்ள. அப்புறம் மறுபடி ஹோஸ், மறுபடி தலைகீழ். இந்தத் தடவை லீவர் காய்ந்தே இருந்தது.

உன் கிளாண்டை நினைத்துப் பொறாமைப்பட்டேன், மாப்ள. ஒழுகினால் நட்டை ஒரு திருகு திருகி, கடலிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் சொட்டே விழாத அளவுக்கு இறுக்கிவிடாதே, ஷாஃப்ட் சூடேறிக் கயிறு கருகிவிடும். போன வருஷம் அப்படித்தானே புகை கிளம்பியது? படகை இறக்கி ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு கையை வைத்துப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி