ப்ரோவுக்கு மாறலாமா? சோனிக்கு ஒரு திறந்த மடல்

சோனி இன்டராக்டிவ் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். வீட்டில் உங்கள் கேம் கருவியான பிஎஸ்5 இருக்கிறது என்று தெரிந்தாலே போதும், அதன் திறன் கூடிய வடிவமான பிஎஸ்5 ப்ரோவை மனதில் வைத்து "ப்ரோவுக்கு மாறலாமா?" என்று கேட்க யாராவது வந்துவிடுகிறார்கள். நீங்கள் சொல்ல வேண்டிய பதிலை நாங்கள் ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2024 செப்டம்பரில் பிஎஸ்5இன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி ப்ரோவை அறிமுகம் செய்தபோது நாடியைச் சரியாகப் பிடித்தார். தரமா வேகமா என்று வரும்போது முக்கால்வாசி நேரம் ஆட்கள் நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) ஓடும் வேகத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றார். அந்த வேகத்துக்காகப் படம் மங்குகிறது, அதைச் சரிசெய்யத்தான் ப்ரோ. சரி, நியாயம்தான். ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த்தை சாதாரண பிஎஸ்5இல் வேகத்துக்கு முன்னுரிமை தரும் பெர்ஃபார்மன்ஸ் மோடில் ஓட்டினால், புல்வெளியெல்லாம் ஈரக்கை பட்ட கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும். ப்ரோவில் அதே வேகத்தில் புல் தனித்தனியாகத் தெரிகிறது. எல்லா கேமும் இப்படியே இருந்தால் இந்த மடலுக்கு வேலையே இல்லை.

அப்படி இல்லையே! படத்தை வரையும் ஜிபியுவில் கம்ப்யூட் யூனிட்டுகளை, அதாவது கணக்குப் போடும் பகுதிகளை, 67 சதவீதம் கூட்டினீர்கள். கேமின் மற்ற கணக்கைப் பார்க்கும் சிபியு மட்டும் 2020இல் வந்த பிஎஸ்5இல் இருந்த அதே ஜென் 2 வகை. வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டதோடு சரி. டிராகன்ஸ் டாக்மா 2இல் ஊருக்குள் நுழைந்து கூட்டம் கூடியதும் ஃபிரேம் சறுக்குவது சிபியு திணறுவதால். அதற்குப் பெரிய ஜிபியு என்ன செய்யும்? சைலன்ட் ஹில் 2இல், படத்தை ஏஐ கொண்டு கூர்மையாக்கும் ப்ரோவின் பிஎஸ்எஸ்ஆர் வந்த புதிதில் படம் மினுமினுவென்று நடுங்கியது. ஒன்றில் பளிச், ஒன்றில் அரைகுறை, ஒன்றில் தலைவலி. எல்லாவற்றுக்கும் நீங்கள் ஒட்டுவது ஒரே லேபிள்: 'பிஎஸ்5 ப்ரோ என்ஹான்ஸ்டு'. என்ன கூடியது, எவ்வளவு கூடியது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

விலைக்கு வருவோம். 2016இல் பிஎஸ்4 ப்ரோ 399 டாலருக்கு வந்தது, டிஸ்க் டிரைவோடு. பிஎஸ்5 ப்ரோவோ அறிமுக விலையே 700 டாலர். டிரைவுக்குத் தனியாக 80, நிற்க வைக்கும் ஸ்டாண்டுக்கு 30. பழைய டிஸ்க் வாங்கி, முடித்து, விற்று, அந்தக் காசில் அடுத்ததை வாங்குகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு டிரைவ் கூடுதல் வசதி இல்லை, அதுதான் பொழுதுபோக்கே.

இந்தியக் கதை இன்னும் வேடிக்கை. வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லை என்று ப்ரோவை வெளியிடாமல் விட்டீர்கள். வைஃபை 7 உள்ள போன்கள் அந்த அலைவரிசையைத் தொடாமல் அப்போதே இங்கே விற்றுக்கொண்டுதான் இருந்தன. அப்புறம் என்ன, துபாய் மாமாவின் பெட்டியில்தான் ப்ரோ வர வேண்டியிருந்தது. பழுதானால் வாரன்டிக்கும் அவரைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

என் கோரிக்கை பெரிதில்லை. ஸ்டோரில் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் ப்ரோவில் ரெசல்யூஷன் எவ்வளவு, ஃபிரேம் எவ்வளவு, ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங் கூடுகிறதா என்று போடுங்கள். பெட்டியின் மேல் எந்த டிவிக்கு இது பொருந்தும் என்றும் எழுதுங்கள். 4கே, 120 ஹெர்ட்ஸ், ஃபிரேம் வேகத்துக்கு ஏற்பத் திரையும் மாறும் விஆர்ஆர் வசதி உள்ள பெரிய திரைக்குப் பக்கத்தில் உட்காருபவருக்கு வித்தியாசம் தெரியும். 1080பி டிவியை எட்டடி தள்ளி சோபாவிலிருந்து பார்ப்பவர் அந்தக் காசை டிவிக்குப் போடுவதுதான் புத்தி. இதை நீங்களே சொன்னால் சில பெட்டிகள் விற்காமல் போகலாம்தான்.

நீங்கள் எழுதும்வரை, மாறலாமா என்று கேட்டு வருபவர்களிடம் டிவியின் மாடல் நம்பரைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய பிஎஸ்5ஐ இன்னும் மாற்றாத ஒருவன்