கச்சேரிக்காரர்களையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அருவங்காட்டில் வசிக்கிறேன். குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கம் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் பாடும் இன்னிசைக்குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறேன். குழுவின் வரவு செலவும் என் பொறுப்புதான்.

கோயில்களில் மாதச் சம்பளம் இல்லாமல் பணியாற்றும் அர்ச்சகர்கள், பூசாரிகளுக்கு 4,000 ரூபாயும் 10 கிலோ அரிசியும் 15 வகை மளிகைப் பொருட்களும் கொரோனா நிவாரணமாகத் தருவதாக இந்த ஜூன் மாதம் தமிழக அரசு அறிவித்தது. மனதார வரவேற்கிறேன். தட்டில் விழும் காசை நம்பி இருப்பவர்களை அரசு தேடிப்போய்க் கொடுக்கிறது. அதே திருவிழாவில், அதே அம்மன் சந்நிதிக்கு எதிரே ராத்திரி மேடை ஏறுகிற எங்களையும் அப்படித் தேட வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மலையில் எங்கள் பிழைப்பு பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதங்களில் அடங்கிவிடும். ஊட்டி மாரியம்மன், குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழாக்கள், எஸ்டேட் லைன் கோயில் விழாக்கள் எல்லாம் அப்போதுதான். ஆனி பிறந்தால் சாரலும் காற்றும் வந்துவிடும், திறந்தவெளியில் மேடை போட முடியாது. சீசனில் சம்பாதித்ததை வைத்துத்தான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் மழைமாதச் செலவும். 2020 மார்ச் 25 ஊரடங்கு அந்த வருடத்துச் சீசனை முழுதாகக் கொண்டுபோனது. சரி, ஒரு வருடம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டோம். இந்த வருடம் ஏப்ரல் 10 முதல் திருவிழாக் கூட்டங்களுக்குத் தடை வந்தது. கல்யாணத்துக்கு 100 பேர், அப்புறம் 50 பேர் என்று சுருங்கியது. வாங்கிய அட்வான்ஸை விழாக் கமிட்டிகளிடம் திருப்பிக் கொடுத்தோம். நோய் அப்படி, தடையைக் குறை சொல்ல மாட்டேன். சமவெளியில் இருக்கும் குழுக்களுக்குத் தை, மாசியிலாவது சில மேடைகள் கிடைத்தன. எங்களுக்கு அடுத்தடுத்து இரண்டு சீசன் போய்விட்டது. இப்போதும் தொற்று குறையாத 11 மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று.

எங்கள் டிரம்ஸ்காரர் கேத்தி பாலாடாவில் காரட் கழுவும் வேலைக்குப் போகிறார். விடியற்காலைக் குளிரில் தண்ணீரிலேயே நின்று, விரல் மரத்துப்போய் வருகிறார். பாடகி தோட்டத்தில் பச்சை இலை பறிக்கிறார். அந்த வேலைகளில் குறைவொன்றும் இல்லை. ஆனால் டிரம்ஸ்காரருடையது இருபது வருடம் பழகிய கை. ஒரு வருடத்துக்கு மேல் குச்சியைத் தொடாமல் இருக்கிறது.

பொருட்களின் நிலையையும் சொல்கிறேன். இந்த ஈரத்தில் ஒலியைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸர் கருவியைச் சும்மா வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பீரோவுக்குள் 60 வாட்ஸ் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, ராத்திரி முழுக்க எரியவிட்டுக் காப்பாற்றி வருகிறோம். அப்படியும் பட்டனை நகர்த்தினால் கரகரவென்கிறது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நமத்து ஓரம் விட்டுவிட்டது. மைக்செட் வைத்திருக்கும் நண்பர் வேனுக்கு இன்னும் தவணை கட்டுகிறார். போன வருடம் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அதற்கான வட்டியும் இப்போது கடனோடு சேர்ந்து நிற்கிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அரிசி கார்டுக்கு 4,000 ரூபாய் எல்லாரையும் போல எங்களுக்கும் வந்தது. போன வருடம் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிந்தவர்களுக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். 2007 முதல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று நல வாரியம் இருக்கிறது. ஆனால் கீபோர்டு நாட்டுப்புறக் கலை ஆகாது. சினிமாவில் வாசிப்பவர்களுக்குச் சென்னையில் சங்கம் உண்டு, நாங்கள் அதிலும் சேர முடியாது. தெருவோர வியாபாரிகளுக்கு மத்திய அரசு 10,000 ரூபாய் கடன் தருகிறது. அவர்களிடம் வியாபாரி என்று காட்ட ஒரு சான்று இருக்கிறது. எங்களிடம் என்ன இருக்கிறது?

என் சகலையின் மகன் பாண்டிச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போனவர். அங்கே நாடக, இசை மேடைகளுக்குச் சவுண்ட் வேலை பார்க்கிறார். 12 மாதத்தில் 507 மணி நேரம் மேடை வேலை செய்ததாகக் கணக்கு இருந்தால், வேலையில்லாத நாட்களுக்கு வேலையின்மைக் காப்பீட்டிலிருந்து உதவித்தொகை உண்டாம். பாடகர், வாத்தியக்காரர் மட்டும் இல்லை, ஒலி ஒளி பார்க்கிறவருக்கும் உண்டு. கொரோனாவால் யாருமே அந்த மணிக்கணக்கை எட்ட முடியாது என்று தெரிந்ததும், 2021 ஆகஸ்ட் வரை பழைய கணக்கையே செல்லும்படி ஆக்கினார்கள். போன மாதம் அதை டிசம்பர் வரை நீட்டியும் விட்டார்கள். ஒவ்வொரு மேடைக்கும் வேலை கொடுத்தவர் கணக்கு அனுப்புவது அங்கே பல காலமாக இருக்கும் வழக்கம். அதனால்தான் உதவி ஆள் பார்த்துப் போய்ச் சேர்ந்தது. பிரிட்டன் 157 கோடி பவுண்டு ஒதுக்கியது, அதில் பெரும்பகுதி அரங்கங்களுக்கும் நிறுவனங்களுக்கும் போனது. தனித்தனியாக மேடைக்கு வாசிப்பவர்களில் பலர் தங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று புலம்பினார்கள். அத்தனை பணம் நம்மிடம் இல்லை. ஆனால் யார் யார் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்று எழுதி வைக்கப் பெரிய செலவு ஆகாது.

சான்று இல்லை என்று அதிகாரிகள் சொல்லலாம். தேடினால் இருக்கிறது. திருவிழா நோட்டீஸில் 'இரவு 8 மணிக்கு இன்னிசைக் கச்சேரி' என்று குழுவின் பெயரும் உபயதாரர் பெயரும் அச்சாகி இருக்கும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கிய தாள் இருக்கும். விழாக் கமிட்டியிடம் அட்வான்ஸ் ரசீது இருக்கும். இந்த மூன்றில் இரண்டு காட்டி, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட்டால் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு தாலுகா அலுவலகத்திலேயே நடக்க வேண்டும். எங்களுக்கான கலை பண்பாட்டுத் துறை மண்டல அலுவலகம் கோவையில் இருக்கிறது. பஸ் இல்லாத நாளில் பந்தலூரிலிருந்தும் மஞ்சூரிலிருந்தும் யார் கோவைக்குப் போவது? எஸ்டேட் லைனில் தப்பு அடிக்கும் அண்ணன்மார்களும் இருளர், கோத்தர் ஊர்களில் குழல் ஊதுகிறவர்களும் நாட்டுப்புற வாரியத்தில் சேரவும் அதே தாலுகா அலுவலகம் போதும். மைக்செட் பையன்களையும் லைட் கட்டுகிறவர்களையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

பதிந்தவர்களுக்குத் திருவிழா அனுமதி வரும்வரை மாதம் ஒரு தொகையும், கருவிகளைப் பழுது பார்க்க வட்டியில்லாக் கடனும் கேட்கிறோம். அடுத்த பங்குனிக்குள் ஸ்பீக்கர் சரியானால்தான் அட்வான்ஸ் வாங்க முடியும். குன்னூரில் உள்ள குழுக்கள் பழைய நோட்டீஸ்களையும் ரசீதுகளையும் இப்போதே சேர்க்கத் தொடங்கிவிட்டோம். எந்த அலுவலகத்தில், எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் அறிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இன்னிசைக்குழு கீபோர்டு கலைஞர்,
அருவங்காடு, நீலகிரி மாவட்டம்.
ஜூன், 2021